நாற்பது எண்ணுவதற்குள்

மார்ச் 3

தம்பிக்கு,

உன் முகவரியை உன் பழைய படகுக் கேப்டனிடம் வாங்கினேன். அவர் மேல் கோபப்படாதே, மூன்று முறை கேட்ட பிறகுதான் கொடுத்தார். மரம் அறுக்கும் ஆலையில் இருக்கிறாய் என்றும், போனை யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்றும் சொன்னார். அதனால்தான் காகிதம்.

நவம்பரில் நான் பேசியது உனக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்.

ஒரு விவரம் வேண்டும். வேலை விஷயம். எங்கள் கம்பெனி லைஃப் ஜாக்கெட்டில் வைக்கும் பீக்கனை மறுபடி தயாரிக்கப் போகிறது. தண்ணீர் பட்டதும் தானாக அலை அனுப்பிக் கூப்பிடுமே, அதேதான். தோள்பட்டையில் தைக்கும் ஆன்டெனாவுக்கு நான் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு வாரமாக விடை ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது.

உன் மாமா கடலில் விழுந்த அன்று போட்டிருந்தது இதன் பழைய மாடல். தேடும்போது உன் ரிசீவரில் இரண்டு சத்தம் கேட்டதாகச் சொன்னாய். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? அது மட்டும் எழுது.

வீடு அப்படியே இருக்கிறது. அவர் செருப்பை வாசலிலிருந்து எடுக்கவில்லை. கூரியர்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சார் இல்லீங்களா?" என்று கேட்கிறார். வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் திட்டுதான் வந்திருக்கிறது என்று மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தால் ஆபீஸ் கடுதாசி. திட்டே தேவலை.

நீ எழுதமாட்டாய் என்பதால் நானே எழுதுகிறேன். மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம், வாசலில் அத்தனை பேர் முன்னால் கேட்டாய்: "ரிசீவர் உன் கையிலதானே இருந்துச்சு? பாம்புச்செவின்னு அவர் உன்னைக் கொண்டாடுவாரே, அந்தக் காதை வச்சுக்கிட்டு என்ன பண்ணின?" நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

இந்த ஆலைக்கு ஏன் வந்தேன் தெரியுமா? ரம்பம் ஓடினால் வேறு எதுவும் கேட்காது. வெளியேதான் கஷ்டம். பீப் என்று எது கத்தினாலும் உடம்பு தானாகத் திரும்பித் திசை பார்க்கிறது. போனைக் கொடுத்ததும் அதனால்தான். போன வாரம் மளிகைக் கடையில் தராசு கத்தியது. கையில் பையோடு ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டேன். கடைக்காரர், "என்னப்பா, எதையாச்சும் தொலைச்சுட்டியா?" என்றார். ஆமாம் என்றேன்.

நீ கேட்டது. துறைமுக வழியில் மிதக்கும் ஆறாவது விளக்கைப் பழுது பார்க்க மாமா தனியாகப் போனார். பதினொன்று நாற்பதுக்கு அவர் படகு ஆளில்லாமல் மிதப்பதாகத் தகவல் வந்தது. நாங்கள் கிளம்பினோம். நான் முன்னால் நின்று ரிசீவரைத் திருப்பிக்கொண்டே வந்தேன். இரண்டு கிலோமீட்டர் வரை கேட்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. ஒரு சத்தம் கேட்டது. எண்ண ஆரம்பித்தேன், அது பழக்கம். நாற்பதில் இரண்டாவது கேட்டது. அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை ஒன்றுமில்லை.

மறுநாள் காலை மீன்பிடிப் படகு அவரைக் கண்டுபிடித்தபோது ஜாக்கெட்டில் சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரவில்லை. அப்படியென்றால் அது விடாமல் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்திருக்கும்? சாயங்காலம் வரை குளிரில் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய்.

விவரம் போதுமா?

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

போதும்.

பீக்கன் பத்து நொடிக்கு ஒரு முறை கூப்பிடும். நீ நாற்பது எண்ணினாய் என்றால் நடுவில் மூன்று சத்தம் வந்திருக்க வேண்டும். மூன்றும் வரவில்லை. காது அப்படி விட்டுவிட்டுக் கேட்காது. ஒரு சந்தேகம் இருக்கிறது. முடிவு தெரியாமல் எழுதமாட்டேன்.

"எங்க அக்கா கம்ப்யூட்டர்ல கம்பி வளைக்கிறா" என்று எல்லாரிடமும் சொல்வாய். பாதி சரிதான். ஆன்டெனாவை வரைந்து கொடுத்தால், கம்ப்யூட்டர் அதையும் சுற்றியுள்ள காற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும். பிறகு துண்டுகளை இன்னும் பொடியாக்கி மறுபடி கணக்கிடும். இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் விடை நின்றுவிட்டது. கன்வெர்ஜ் ஆகிவிட்டது என்போம். எனக்கு ஒரு சுற்றில் நல்ல ஆன்டெனாவாகவும் அடுத்த சுற்றில் உதவாத ஆன்டெனாவாகவும் வருகிறது. பதினொரு சுற்று ஆகிவிட்டது. போன முறை இதே ஆன்டெனாவுக்கு நான்தான் கணக்குப் பார்த்தேன். அப்போது ஏழாவது சுற்றிலேயே நின்றது.

சுற்றி வரைந்த காற்றுப் பெட்டி சிறிதாக இருக்குமோ என்று பெரிதாக்கினேன். ஆட்டம் நிற்கவில்லை. மின்சாரம் நுழையும் இடத்தை அழித்துப் புதிதாக வரைந்தேன். இரண்டு தகடு மயிரிழை அளவு ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தது, பிரித்தேன். பலனில்லை.

கடைசியில் மனிதனைச் சந்தேகப்பட்டேன். ஜாக்கெட் போடும் ஆளுக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் நிரப்பிய ஓர் உருளையைத்தான் வரைவோம். அதை எடுத்துவிட்டு உடம்பை வரைந்தேன். அளவு வேண்டுமே. அவர் கடைசியாகக் கோட்டு தைத்த கடைச் சீட்டு அலமாரியில் இருந்தது. தோள் பதினெட்டரை. கருவிப் பை சுமந்து இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், உனக்குத் தெரியும். அதையும் கொடுத்தேன்.

இப்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தோள் இன்னும் பொடியாக வெட்டப்பட்டு, திரையில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முகம் வரையவில்லை, கணக்குக்கு முகம் தேவையில்லை. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு மேடம் இது, ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறாரு?" என்றாள். திரையை அணைத்துவிட்டேன்.

அன்று அலை எப்படி இருந்தது? அவரைக் கொண்டுவந்தபோது தோள்பட்டைக் கொக்கி எந்த நிலையில் இருந்தது?

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இரண்டு சின்ன அலை, ஒரு பெரிய அலை. பெரியது ஆள் உயரம் இருக்கும். ஜாக்கெட் காது வரை ஏறியிருந்தது. கொக்கி சரியாகத்தான் பூட்டியிருந்தது. மாமா அதில் எல்லாம் தப்பு பண்ணமாட்டார்.

இங்கே நான் இருக்கும் அறைக்குக் கீழே தண்ணீர் மோட்டார் ஒன்று இருக்கிறது. தொட்டி நிரம்பினால் கத்தும். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அந்த ஒயரைப் பிடுங்க வைத்தேன். அதற்கு முந்தின நாள்வரை கேட்டதைவிட, பிடுங்கிய பிறகு அதிகமாகக் கேட்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதே ஆன்டெனா, அதே ஆள், அதே கம்ப்யூட்டர். போன தடவை ஏழாவது சுற்றில் நின்ற விடை இந்தத் தடவை பதினொன்றிலும் ஏன் நிற்கவில்லை? நான் பத்தாம் வகுப்போடு படகேறியவன்தான். ஆனாலும் ஒரே கயிறு ஒரு நாள் எட்டும் மறுநாள் எட்டாது என்றால், முதல் நாள் யாரோ சரியாக அளக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

போன தடவையும் நிற்கவில்லை.

இரண்டு சுற்றுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுக்குள் வர வேண்டும். அந்த எல்லையை நாங்களேதான் திரையில் ஒரு கட்டத்தில் எழுதிக் கொடுப்போம். நான் இரண்டை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டேன். ஏழாவது சுற்றில், நின்றுவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அதைப் படம் எடுத்து அறிக்கையில் ஒட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை, இந்த வீட்டுச் சாவி வாங்கும் நாள். உன் மாமா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு மூன்று முறை போன் பண்ணினார். "ஆறு மணிக்கு வீட்டுக்காரர் கிளம்பிடுவாராம். உன் கம்பி எங்கேயும் ஓடிடாது, வா." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனேன். பழியை அவர் மேல் போடவில்லை. திங்கட்கிழமை திரும்ப வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதே மேசைக்கு வந்தேன். எந்த நாளிலும் திருத்தியிருக்கலாம். பச்சை எழுத்து இருந்ததால் நானே நம்பிவிட்டேன்.

இப்போது தெரிந்துவிட்டது. தோள்பட்டை உலோகக் கொக்கிக்கும் ஆன்டெனாவின் செப்புத் தகட்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் இடுக்கு இருக்கிறது. சக்தி முழுக்க அங்கேதான் குவிகிறது. அங்கே நான் விட்டிருந்தது ஒரே அடுக்குத் துண்டு. அதனால்தான் சுற்றுக்குச் சுற்று விடை மாறியது. அதை ஆறு அடுக்காக வெட்டினேன். பதினான்காவது சுற்றில், இரண்டுக்குள் அல்ல, ஒன்றுக்குள் வந்து நின்றது. உலர்ந்த துணியில் நல்ல ஆன்டெனா. பிறகு அந்த இடுக்கில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். அதுவும் நின்றது. நூறு பங்கு சக்தி கொடுத்தால் அரைப் பங்குகூட வெளியே போகவில்லை. இரண்டு கிலோமீட்டர், முந்நூறு மீட்டர் ஆகிவிடுகிறது. பெரிய அலை தோளைத் தூக்கி, இடுக்கில் இருந்த தண்ணீர் வடியும் நேரத்தில் மட்டும் ஒரு கூப்பாடு தப்பித்துப் போகும். நீ கேட்டவை அவை.

தயாரித்தபோது நீச்சல் குளத்தில் இருபது மீட்டர் தூரத்தில் வைத்துச் சோதித்தார்கள். இருபது மீட்டரில் கேட்கத்தான் செய்யும். கணக்கு அன்றைக்கே அந்த இடத்தைச் சுட்டிக் காட்டியது. தொல்லை என்று நினைத்து அதன் வாயை அடைத்தேன்.

உன் காதில் குறையில்லை. உன்னிடம் எதுவும் வந்து சேரவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னதைக் கடிதத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும்.

அக்கா

*

மே 4

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. பதில் எழுதச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அன்று வாசலில் நின்றவர்களின் வீடுகளுக்குப் போனேன். பதினொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, தப்பு என் தம்பியிடம் இல்லை, என்னிடம் என்று சொன்னேன். சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது வீட்டில் என்னைச் சமாதானப்படுத்தினார்கள், அது கதவைச் சாத்தியதைவிட மோசமாக இருந்தது. சித்தி மட்டும் பின்வாசல் வழியாக வந்து, "அவன்கிட்ட சொல்லிட்டியாடி?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

மேலாளரிடமும் எல்லாவற்றையும் காட்டினேன். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி நானூறு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்க முடியுமாம்மா? கடல்ல காட்டு, கையெழுத்துப் போடறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயப்படுகிறார்.

மே 18 காலை, நம் துறைமுகத்தில், அதே படகில் சோதனை. பொம்மையை மிதக்கவிட்டால் மனிதத் தோள் மாதிரி ஏறி இறங்காது. அதனால் நான் தண்ணீரில் இறங்குகிறேன். பக்கத்தில் ஒரு சின்னப் படகு இருக்கும், கவலைப்படாதே. ரிசீவரைப் பிடிக்க நீ வந்தால் நல்லது என்றார் கேப்டன். உன்னைக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இது கேட்கும் கடிதம் இல்லை.

அக்கா

*

மே 12

அக்கா,

உன் ஏப்ரல் கடிதம் வந்த மறுநாள் என்னை அறியாமல் ரம்பத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோயிருக்கிறேன். மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். மூன்று நாள் வேலைக்கு வராதே என்றார்.

படித்ததும் முதலில் வந்தது கோபமில்லை. நிம்மதி. மாமா செத்ததற்குக் காரணம் நான் இல்லை என்று ஒரு முழு நாள் வயிறாரச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்னும் கூசுகிறது. பிறகு கோபம் வந்தது. ஐந்து மாதம், அக்கா. ஐந்து மாதம் என் காதை நானே அறுத்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடவில்லை. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

முதல் சத்தம் வலப்பக்கம் கேட்டது. ரிசீவரைப் பார்த்துக்கொண்டே கேப்டன், "ஏதாவது?" என்றார். நான், "ஒண்ணுமில்ல" என்றேன். ஒற்றைச் சத்தம் எதுவாகவும் இருக்கலாம், பீக்கன் என்றால் பத்தில் அடுத்தது வரும், வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பத்து வந்தது. இருபது வந்தது. படகு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நாற்பதில் இரண்டாவது சத்தம் பின்னாலிருந்து கேட்டது. அப்போதுதான் கத்தினேன். திரும்பி வந்து சுற்றினோம், அதற்குள் இடம் தவறிவிட்டது. முதல் சத்தத்திலேயே வாயைத் திறந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்.

இதைச் சொல்வதால் உன் தப்பு குறையாது. உன்னுடையது உன்னுடையது. ஆனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நீ பதினொரு வீட்டில் சொல்லிவிட்டு வந்த பிறகு, வாய் நன்றாக இல்லை என்பதை யாரிடமாவது நான் சொல்ல வேண்டும்.

18-ஆம் தேதி வருகிறேன். வீட்டுக்கு இல்லை, படகுக்கு.

தம்பி

*

மே 25

தம்பிக்கு,

படகில் நீயும் நானும் நான்கு வார்த்தை பேசியிருப்போம். அதில் இரண்டு, கொக்கியை இறுக்கு என்பது. அதனால் எழுதுகிறேன்.

நீ மறைத்திருந்ததைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வரக்கூடாது என்று நினைத்தேன், வந்தது. இப்போதும் சில நேரம் அடுப்பைப் பற்றவைக்கும்போது வருகிறது. பிறகு யோசிப்பேன்: பத்து எண்ணினால் அடுத்தது வரும் என்று நீ நம்பினாய். வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

தண்ணீரில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நூறு மீட்டரில் உன் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. இருநூறில் நீ கையை உயர்த்தினாய், கேட்கிறது என்று. முந்நூறைத் தாண்டியதும் கையை இறக்கினாய். தலையைச் சாய்த்துக்கொண்டு ரிசீவரைத் திருப்ப ஆரம்பித்தாய். அலை என்னைத் தூக்கும்போதெல்லாம் உன்னைப் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பினாய், என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போனாய், மறுபடி திரும்பினாய். நான் கையை ஆட்டினேன். சோதனை என்று தெரிந்தும் கத்தினேன். படகு மெதுவாக எனக்கு முதுகைக் காட்டியது.

அவர் பார்த்தது இதைத்தான். கணக்கில் இது இல்லை. எத்தனை சுற்று ஓடவிட்டாலும் இது வராது. படகு தன்னைத் தேடுகிறது என்று தெரிந்துகொண்டு, அது போவதைப் பார்த்துக்கொண்டு, தோளில் கூப்பிடும் கருவியோடு ஒரு மனிதன். சாயங்காலம் வரை.

என்னை ஏற்றியபோது உன் கைதான் நீண்டது.

மேலாளர் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் போகிறது. மொத்தம் நானூற்றுப் பதின்மூன்று. விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. புதிய தோள்பட்டையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கொக்கி இனி பிளாஸ்டிக். நனைந்தாலும் காய்ந்தாலும் விடை நிற்கிறது. நான் பார்த்ததோடு விடாமல், வேறு இரண்டு பேரை வைத்து எனக்குத் தெரியாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 30

அக்கா,

கம்பெனிக்குத் திரும்பி வந்தது நானூற்று நான்கு என்று கேப்டன் சொன்னார். ஒன்பது வரவில்லை. கடிதம் போன முகவரியில் ஆள் இல்லை, அல்லது யாரோ யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உங்கள் மேலாளரிடம் போய் அந்த ஒன்பது ஜாக்கெட்டின் எண்களையும் வாங்கிக்கொண்டேன். ஆலையில் கணக்கு முடித்துவிட்டேன். மேஸ்திரி, "காதடைப்பானைத் திருப்பிக் குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஐந்து வாரமாக ஒவ்வொரு படகுத்துறையாக அலைகிறேன். கடலில் போகிறவர்களிடம் ஜாக்கெட் கேட்டால் வேட்டியைக் கேட்டது போல் பார்க்கிறார்கள். ஒரு ஜாக்கெட் குழந்தைத் தொட்டிலுக்கு மெத்தையாகியிருந்தது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் கிணற்றில் நீச்சல் பழகுகிறார், எழுபது வயதில். ஏழு கிடைத்தன.

இன்று காலை எட்டாவது. ஒரு சின்னத் துறை, மரப் பாலம். என்ஜின் ஓட்டும் ஆள் ஒருவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், படகில் கால் வைக்கப் போகிறார். தோளில் அந்தக் கொக்கி. எண்ணைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"அண்ணே, அதைக் கழட்டிக் குடுங்க."

"யாருய்யா நீ?"

தண்ணீர் பட்டால் அது கூப்பிடாது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நல்லாத்தானே இருக்கு, விளக்குகூட எரியுதே" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. படகில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். பிறகு பேச வந்தது. விளக்கு எரியும் அண்ணே, கூப்பிடறதுதான் யாருக்கும் கேட்காது என்றேன். எங்க மாமா இதைப் போட்டுக்கிட்டுத்தான் போனாரு, தேடினது நான்தான் என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொக்கியை அவரே கழற்ற முயன்றார், உப்பேறி இறுகியிருந்தது. நான் கழற்றினேன். என் பையில் இருந்த புதியதை அவர் தோளில் போட்டு இறுக்கினேன். இடது பக்கம், வலது பக்கம், இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

படகு கிளம்பும்போது கேட்டார்: "இவ்வளவு தூரம் உன்னை யாருப்பா அனுப்புனது? கம்பெனியா?"

"இல்லண்ணே," என்றேன். "எங்க அக்கா."

தம்பி